படக்கதைக்குப் புதிய வாசகர்

ஒரு மொழியின் வாழ்வு அம்மொழியில் எழுதுவோரைப் பொறுத்தது என்பர் சிலர். அதனைப் படிப்போரைப் பொறுத்தது என்பர் வேறு சிலர். அதனைப் புதிதாகப் படிக்கத் தொடங்குவோரைப் பொறுத்தது என்பதே நம் கருத்து. கிணற்றில் நீர் எவ்வளவு நிறைந்திருப்பினும், ஊற்றுக்கண் அடைபட்டதாயின் அந்நீர் நாளுக்கு நாள் குறைந்தே தீரும். தமிழ்ப் படக்கதைகளின் நிலை இற்றைநாளில் இத்தகையதாக உளது. பழைய வாசகர் உளர். அவர்தம் பற்றும் குறைந்திலது. ஊற்றுக்கண் மட்டும் அடைபட்டுக் கிடக்கின்றது. அஃது எங்ஙனம் அடைபட்டது, யாரால் திறக்கப்படல் கூடும் என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம். தமிழிலக்கியம் பயில்வோர் காமிக்ஸ் குறித்து எழுதப் புகுந்தது தகுமோ என ஐயுறும் பெரியோர், அவ்வையத்திற்கு விடை பின்னர் வருதலின், அதுவரை பொறுத்தருள்வாராக.

முதற்கண் இப்புத்தகங்களின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். 1972ஆம் ஆண்டிற் சிவகாசியில் திரு. எம். சௌந்தரபாண்டியன் அவர்கள் ‘முத்து காமிக்ஸ்’ என்னும் வெளியீட்டைத் தொடங்கினார். அதன் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி.’ இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ என்னும் சிறுவர் வார இதழில் 1962இல் தோன்றிய இம்மாயாவிக்கு மின்சாரம் உடலிற் பாய்ந்த அளவில் உருவம் மறையும். இரும்புக்கை ஒன்று மட்டும் கண்ணுக்குப் புலனாகும். கடல் கடந்து வந்த இக்கை தமிழ்நாட்டுச் சிறுவர் ஒரு தலைமுறையினரைத் தன்வயப்படுத்திற்று. 1984ஆம் ஆண்டில் அவர்தம் மைந்தர் திரு. எஸ். விஜயன் அவர்களை ஆசிரியராகக் கொண்டு ‘லயன் காமிக்ஸ்’ தோன்றியது. அவ்வாண்டிலேயே தினத்தந்தி நிறுவனத்தாரின் ‘ராணி காமிக்ஸ்’ வெளிவரத் தொடங்கி, மாதமிருமுறை இதழாக ஏறத்தாழ 500 இதழ்கள் கண்டு, 2005ஆம் ஆண்டில் நின்றது. இன்று இக்கல்லூரியிற் பயிலும் நம்மிற் பெரும்பாலோர் அதன் பின்னரே பிறந்தோம்.

அந்நாளைய வாசகர் எங்ஙனம் கிடைத்தனர் என்பதே நமக்கு வேண்டுவது. பெரிய விளம்பரங்கள் செய்து எவரும் அவர்களை அழைத்திலர். பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில், வாழைத்தாரின் பக்கத்திற் கட்டிய கயிற்றில், கிளிப் மாட்டிய புத்தகங்கள் தொங்கின. வேலூருக்கோ ஆம்பூருக்கோ செல்லும் பேருந்திற்குக் காத்திருந்த சிறுவன் தலையை உயர்த்தினான். அட்டைப்படம் அவனை நோக்கிற்று. தந்தையின் சட்டைப்பையிற் கிடந்த சில்லறை போதுமானதாயிற்று. வாங்க இயலாதவனுக்கு வாடகை நூல்நிலையம் இருந்தது; சிறுதொகை கொடுத்து ஒரு நாளைக்கு எடுத்துச் செல்லலாம். அதுவும் இயலாதவனுக்குப் பழைய புத்தகக் கடை இருந்தது. படித்ததைக் கொடுத்துப் படியாததைப் பெறலாம். எதுவும் இயலாதவனுக்கு நண்பன் இருந்தான். ஒரு படி பத்துப் பேர் கையில் ஏறியிறங்கி, அட்டை கிழிந்து, முதற்பக்கம் தொலைந்து, இறுதியிற் பொட்டலம் மடிக்கும் தாளாகும் வரை உழைத்தது. மலிவு, அண்மை, கைமாறுதல் ஆகிய இம்மூன்றுமே அந்நாளிற் புதிய வாசகரை ஆக்கின.

இனி, இற்றைநாள் நிலையைக் காண்போம். 2012ஆம் ஆண்டு தொடங்கி லயன், முத்து காமிக்ஸ் வெளியீடுகள் புதுப்பொலிவுடன் வருகின்றன. வழவழப்பான தாள், பல வண்ண அச்சு, அயல்நாட்டுப் பதிப்புகளோடு ஒப்பிடத்தக்க அமைப்பு ஆகியன அவற்றின் சிறப்பு. 1948இல் இத்தாலியிற் பிறந்த டெக்ஸ் வில்லர், 1946இற் பெல்ஜிய நாட்டு ஓவியர் மோரிசு படைத்த லக்கி லூக் முதலிய வீரர்கள் தூய தமிழில் உரையாடுகின்றனர். ‘இரத்தப் படலம்’ என்னும் நெடுங்கதையின் 18 பாகங்களும் 2010ஆம் ஆண்டில் ஒரே தொகுப்பாக வெளிவந்தமை இந்திய மொழிகளில் எளிதிற் காணக்கிடைக்காத முயற்சியாம். ஒரு சிறு நகரத்திலிருந்து இத்தனையும் செய்துவரும் பதிப்பாளரை நாம் வாழ்த்துகின்றோம்.

எனினும், இப்புத்தகங்கள் எங்கே செல்கின்றன? ஆண்டுச் சந்தா செலுத்தியோர் இல்லத்திற்குத் தூதஞ்சலிற் செல்கின்றன. சென்னை முதலிய பெருநகர்ப் புத்தகக் காட்சிகளில் விற்கப்படுகின்றன. இணையத்தின் வழி வாங்கப்படுகின்றன. சந்தா என்பதொன்று உண்டென முன்னரே அறிந்தவனே சந்தா செலுத்துவான். அறியாதவன் கண்ணிற்படும் கயிறு அறுந்துவிட்டது. 1984ஆம் ஆண்டிற் பத்து வயதினராயிருந்தோர் இன்று ஐம்பதைக் கடந்தோர். அவர்களே இன்றும் முதன்மையான வாசகர். அவர்கள் விரும்புவது யாது? இளமையிற் படித்தவற்றின் மறுபதிப்பு; முன்னினும் தடித்த தொகுப்பு; முன்னினும் உயர்ந்த தாள்; பாகம் பாகமாகத் தொடரும் நெடுங்கதை. பதிப்பாளர் அவற்றையே கொடுக்கின்றனர். கொடாவிடின் தொழில் நடவாது. அங்ஙனம் கொடுப்பதனால் விலை நூறு ரூபாயைக் கடக்கின்றது. கதை நடுவில் நுழைவோனுக்கு வாயில் தெரிவதில்லை. ஆறாம் வகுப்புச் சிறுமி தூக்கவும் இயலாத எடையாகின்றது புத்தகம். எனவே, துணிந்து ஒன்று கூறுவோம்: புதிய வாசகரைத் தடுத்து நிற்பது எவருடைய பகையுமன்று, பழைய வாசகரின் அன்பே.

இக்கூற்று நம் கல்லூரியின் முன்னாள் மாணவர் சிலருக்குக் கசப்பாகலாம். பழைய இதழ் ஒன்றிற்குப் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கி, உறையிட்டு, பேழையில் வைத்துப் போற்றுவோர் அவருள் உளர். அவர்தம் அன்பை நாம் இகழவில்லை. அவ்வன்பு இல்லையேல் இந்நூல்கள் என்றோ மறைந்திருக்கும். ஆனாற் பேழைக்குள் துயிலும் புத்தகம் தனக்கொரு வாசகனைத் தேடிக்கொள்ளாது. தாம் சிறுவராயிருந்த காலத்தில் அப்புத்தகம் பொன்னாகத் தோன்றியதற்குக் காரணம் அதன் அருமையன்று, எளிமையே என்பதை அவர்கள் நினைவுகூர்தல் வேண்டும்.

“கைப்பேசி வந்தபின் சிறுவர் புத்தகத்தை எங்கே தொடுகின்றனர்?” என்பது பொதுவாகக் கூறப்படும் விடை. இதில் உண்மை இல்லாமலில்லை, முழு உண்மையுமன்று. சப்பான் நாட்டை நோக்குக. இரண்டாம் உலகப்போருக்குப் பின் வறுமையுற்றிருந்த அந்நாட்டிற் படக்கதையை வளர்த்தவற்றுள் வாடகைப் புத்தகக் கடைகள் சிறந்த இடம் பெற்றன. பின்னர், மலிவான தாளிற் பல கதைகளைச் சேர்த்து அச்சிட்ட பருமனான வார இதழ்கள் தோன்றின. 1968இல் தொடங்கிய ‘சோனென் ஜம்ப்’ என்னும் சிறுவர் இதழ், 1990களின் நடுவில் ஒரு வாரத்திற்கு ஏறத்தாழ 65 இலட்சம் படிகள் அச்சாயிற்று. தொலைக்காட்சி அங்கும் இருந்தது. விளையாட்டுப் பொறிகளும் அங்கே இருந்தன. அவ்விதழோடு ஓர் அஞ்சலட்டை இணைந்திருக்கும். தமக்குப் பிடித்த கதைகளைச் சிறுவர் அதிற் குறித்து அனுப்புவர். அதனைக் கொண்டே எக்கதை தொடர்வது, எக்கதை முடிவது என ஆசிரியர் துணிவர். அங்கே கருத்துக் கேட்கப்பட்டவர் ஐம்பது வயதினரல்லர். அவ்வாண்டு படிக்கத் தொடங்கிய சிறுவர். இன்று அச்சுப்படிகள் அங்கும் பெரிதும் குறைந்தன. எனினும் அதே கைப்பேசியிற் படக்கதை படிப்போர் பெருகினர். ஆகவே, கைப்பேசி ஒரு கருவியே. விரும்பத்தக்க கதை எட்டும் தொலைவில் இருந்தால் இளையோர் அதனை எக்கருவியிலும் நாடுவர். இல்லையேற் கருவியின்மீது பழி கூறி அமைவோம்.

பொதுவிற் கூறியது போதும். இனி நம் நாட்டுப்பகுதிக்கு வருவோம். இராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றுப் படுகையில் நீளும் இத்தோல் தொழில் நாடு 2019ஆம் ஆண்டில் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்ததேனும், தொழிலாலும் வாழ்க்கையாலும் ஒன்றே. விடியற்காலையில் ஷூ கம்பெனி வண்டிகள் சிற்றூர்கள்தோறும் நின்று பெண்களை ஏற்றிச் செல்கின்றன. தோல் ஷாப்பிற்குச் செல்லும் ஆடவர் முன்னரே புறப்பட்டிருப்பர். மாலையிற் பள்ளி விட்டுத் திரும்பும் பிள்ளைக்கும் வீடு திரும்பும் தாய்க்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் வெறுமையாகக் கிடக்கின்றது. அவ்விடைவெளியை இன்று நிரப்புவது கைப்பேசிப் படக்காட்சி. அதனை நிரப்பத்தக்க தமிழ்ப் புத்தகம் யாது என்பதே நம் வினா. பாடநூலைக் காட்டுவோமாயிற் பிள்ளை நகைக்கும். பேரிலக்கியத்தைக் காட்டுவோமாயின் அஞ்சும்.

இன்னுமொன்று உளது. இந்நாட்டிற் பிள்ளைகள் பலர் இல்லத்தில் உருது பேசுவர். பலர் தெலுங்கு பேசுவர். தமிழ் பேசுவோரிலும் பலர் ஆங்கிலவழிப் பள்ளியிற் பயில்வர். பேசும் தமிழ் அவர்கட்குத் தெருவிலேயே வந்துவிடுகின்றது. படிக்கும் தமிழ் வருவதில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பருவத்திலிருந்து சரளமாகப் படிக்கும் பருவத்திற்குச் செல்ல ஒரு பாலம் வேண்டும். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கலாம். கட்டாய விருப்பத்தை ஆக்குதல் எச்சட்டத்தாலும் இயலாது. இந்நாட்டவர்க்குத் தமிழ் எட்டாக்கனியன்று என்பதற்கும் சான்று உளது. உருது ஒலிக்கும் வாணியம்பாடித் தெருக்களிடையே, இசுலாமியாக் கல்லூரியிலன்றோ கவிக்கோ அப்துல் ரகுமான் அவர்கள் பல்லாண்டு தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றினார்?

அப்பாலமாவதற்குப் படக்கதை எவ்வாறு தகுதியுடைத்து? வாக்கியம் புரியாவிடிற் படம் பொருளுரைக்கின்றது. ஒரு கட்டத்திலுள்ள உரையாடல் பத்துப் பதினைந்து சொற்களுக்கு மேற் செல்லாது. களைப்புறுமுன் அடுத்த கட்டம் அழைக்கின்றது. பேசுவோன் முகத்திலேயே சினமும் அச்சமும் எழுதப்பட்டிருத்தலின், ‘சீறினான்’ என்பதற்கும் ‘கூறினான்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு அகராதியின்றி விளங்குகின்றது. இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா என்று வகுப்பிற் கேட்குமுன்னரே, குதிரை ‘தடதட’வென ஓடுவதையும் மதில் ‘மடமட’வெனச் சரிவதையும் சிறுவன் கண்ணாற் கண்டு விடுகின்றான். ஓய்வுநாட் பள்ளியில் வண்ணப்பட அட்டை பெற்று நல்ல சமாரியனின் கதையைக் கற்றோர் நம்முட் பலர். அப்படத்தாற் கதையின் பெருமை குறைந்ததென எந்தப் போதகரும் கூறியதில்லை.

ஈண்டு, தொடக்கத்தில் நாம் குறித்த ஐயத்திற்கு விடை கூறுதல் வேண்டும். “படக்கதை சிந்தனையைக் கெடுக்கும்; படித்துப் பழகியவன் எழுத்து நூலைத் தொடான்; அடிதடியும் கொலையும் மலிந்தது; தமிழ் மரபிற்கு அயலானது” என்பன அவ்வையத்தின் கூறுகள். இவை நம் நாட்டிற்கு மட்டும் உரியனவல்ல. 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெர்தாம் என்னும் மனநோய் மருத்துவர், படக்கதைகள் சிறுவரைக் குற்றவாளிகளாக்குகின்றன என ஒரு நூல் எழுதினார். ஆட்சிமன்றக் குழு விசாரித்தது. பதிப்பாளர் தமக்குத் தாமே கடுங்கட்டுப்பாடு விதித்துக்கொண்டனர். இதழ்கள் பல மறைந்தன. அந்நாட்டிலேயே 1992ஆம் ஆண்டில், யூதரை எலிகளாகவும் செருமானிய நாசியரைப் பூனைகளாகவும் வரைந்து இனப்படுகொலையின் துயரைக் கூறிய ‘மவுஸ்’ என்னும் படக்கதைக்குப் புலிட்சர் பரிசு சிறப்பு விருதாக வழங்கப்பெற்றது. ஆகவே, கருவி குற்றமுடையதன்று. அதனைக் கையாளுவோர் திறத்திற்கேற்ப உயர்வும் தாழ்வும் அமையும்.

தமிழ் மரபிற்கு அயலானது என்போர் ஆம்பூருக்கு ஒருமுறை செல்வாராக. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்து, அஃதாவது 9ஆம் நூற்றாண்டு நடுகற்கள் அவ்வூரிற் கிடைத்துள்ளன. ஊரின் ஆநிரையைக் கவர வந்தோருடன் பொருது வீழ்ந்த வீரனின் உருவம் கல்லிற் செதுக்கப்பட்டுள்ளது. அவன் யார், எவர் ஆட்சியில், எதன்பொருட்டு மாண்டான் என்பது எழுத்தாக உடன் பொறிக்கப்பட்டுள்ளது. உருவமும் எழுத்தும் ஒன்றற்கொன்று துணையாக நின்று ஒருவன் கதையைக் கூறும் முறை நம் முன்னோர்க்குப் புதிதன்று. அவர்கள் தாளுக்குப் பதிலாகக் கல்லைக் கொண்டனர். ஆநிரை காத்து மாண்டவன் கதை, இன்று ஆவின் தோலைப் பதனிட்டு உலகிற்கு அனுப்பும் ஊரிற் புதைந்து கிடப்பது வியப்பன்றோ?

எனினும், எதிர்ப்போர் கூற்றில் ஏற்கத்தக்கனவும் உள. பழைய மேற்றிசைக் கதைகள் பலவற்றில் அமெரிக்கப் பழங்குடியினர் கொடியோராகவோ பேதையராகவோ காட்டப்பட்டனர்; அக்கதைகளை இன்று சிறுவரிடம் கொடுப்போர் ஒரு சொல் விளக்கமும் உடன் கொடுத்தல் கடமை. மற்றொன்று இதனினும் பெரிது. வீரர் அனைவரும் ஆடவர். லயன் காமிக்ஸின் முதல் இதழ் மாடஸ்டி என்னும் பெண்ணைக் கதைத்தலைவியாகக் கொண்டது உண்மையே. ஆயினும் அவ்வழி பெருவழியாகவில்லை. இந்நாட்டில் ஷூ கம்பெனியின் பாதிச் சுமையை மகளிர் தாங்குகின்றனர். கல்லூரி வகுப்புகளிற் பெண்களே மிகுகின்றனர். அவர்களும் அவர்தம் பெண்மக்களும் தம்மைக் காணாத புத்தகத்தை ஏன் வாங்குவர்? புதிய வாசகர் வேண்டுமென்று கூறிக்கொண்டே மக்கட்டொகையிற் பாதியை வாயிலில் நிறுத்திவைத்தல் அறிவுடைமையாகாது.

இனிச் செய்யத்தக்கன யாவை என ஆராய்வோம். முதலாவது, பதிப்பாளர் தம் உயர்ந்த வண்ணத் தொகுப்புகளை நிறுத்த வேண்டுவதில்லை. அவற்றின் வருவாயே தொழிலைத் தாங்குகின்றது. அவற்றோடு, எளிய தாளில், கறுப்பு வெள்ளையில், ஒரே இதழில் முடியும் சிறுகதை ஒன்றை மாதந்தோறும் ஒரு தேநீர் வடைக்கு ஆகும் விலையில் வெளியிடுக. அதன் முன்பக்கத்தில் “இதற்கு முன் எதையும் படித்திருக்க வேண்டுவதில்லை” எனப் பொறித்திடுக. அதனைப் புத்தகக் கடையில் மட்டும் வைக்காது, ஆம்பூர்ப் பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையிலும், சம்பள நாளில் ஷூ கம்பெனி வாயிலிற் கடை விரிக்கும் வணிகரிடத்தும் வைத்திடுக. வளையலும் பொம்மையும் வாங்கும் தாயின் கை புத்தகத்தையும் எடுக்கும்.

இரண்டாவது, ஒருநாளேனும் இலவசமாகக் கொடுத்துப் பார்க்கலாம். அமெரிக்கக் கடைக்காரர் 2002ஆம் ஆண்டு மே மாத முதற் சனிக்கிழமையன்று ‘இலவசப் படக்கதை நாள்’ ஒன்றைத் தொடங்கினர். சிலந்தி மனிதன் திரைப்படம் வெளியான மறுநாளை அதற்குத் தேர்ந்தமை அவர்தம் நுண்ணறிவு. திரையிற் கண்டவன் கடைக்கு வருவான் என்பது அவர்கள் கணக்கு. வேலூர்ப் புத்தகத் திருவிழாவில், ஒவ்வொரு பள்ளிப்பிள்ளைக்கும் எட்டுப் பக்கச் சிறுபடக்கதை ஒன்று கையிற் கிடைக்குமாயின், அதன் செலவு ஒரு பந்தலின் வண்ண விளக்குச் செலவினும் மிகாது.

மூன்றாவது, நூலகமும் பள்ளியும். தமிழக அரசின் பள்ளிக்கல்வித் துறையார் வாசிப்பு இயக்கத்தின்கீழ் ‘நுழை, நட, ஓடு, பற’ என நான்கு படிகளாகச் சிறு நூல்களை வகுத்துப் பள்ளிகட்கு அளித்தமை மிக நல்ல முறையாம். நடக்கும் பிள்ளைக்கும் ஓடும் பிள்ளைக்கும் இடையே ஓர் அலமாரிப் படக்கதைகளை வைத்திட வேண்டும். அவ்வலமாரிக்குப் பூட்டு இருத்தலாகாது. கிழிந்தால் தண்டம் என்னும் அறிவிப்பும் இருத்தலாகாது. கிழிந்த புத்தகமே படிக்கப்பட்ட புத்தகம்.

நான்காவது, நம் மண்ணின் கதைகள். 1967ஆம் ஆண்டில் அனந்த் பை அவர்கள் ‘அமர் சித்திரக் கதா’வைத் தொடங்கியதற்குக் காரணம் பலரும் அறிந்ததே. தொலைக்காட்சி வினாவிடைப் போட்டியிற் கிரேக்கத் தெய்வங்களை அறிந்திருந்த சிறுவர், இராமனின் தாய் பெயரை அறியாதிருந்தனர். அவ்வாறே இன்று அமெரிக்கப் பாலைநிலத்தை அறிந்த நம் சிறுவர் பாலாற்றை அறிகிலர். கதைக்குப் பஞ்சமா? 1806ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் எழுந்த சிப்பாய்களின் கிளர்ச்சியை எண்ணுக. புதிய தலைப்பாகையும் அதிற் செருகும் தோற்சின்னமும் அதற்குக் காரணமாயின. தோல் நாட்டிற்குத் தோலாலேயே ஒரு வரலாறு! திப்புவின் மக்கள் அரண்மனையிற் சிறையிருந்தமை, ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்தமை, பகற்பொழுது ஏறுமுன் கோட்டை மீண்டும் வெள்ளையர் கைப்பட்டமை ஆகியவற்றில் எக்கட்டத்தை வரையாமல் விடுவது? ஜவ்வாது மலைக் காவலூரில் வானை நோக்கி அமர்ந்தவர்கள், யுரேனசு கோளின் வளையங்கள் 1977இல் வெளிப்பட்ட கண்டுபிடிப்பிற் பங்குகொண்ட கதை வேறு. தோற்கழிவாற் பாலாறும் கிணறுகளும் கெட்டதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தார் உச்சநீதிமன்றம் சென்று, கெடுத்தவனே ஈடு செய்க என்னும் நெறியை 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பால் இந்நாட்டுச் சட்டத்தில் நிலைநாட்டச் செய்த கதை வேறு. இக்கதையில் முகமூடி வீரர் இல்லை. ஆயினும் வீரம் உண்டு. தந்தையின் கூலியும் ஊரின் குடிநீரும் ஒன்றோடொன்று மோதும் அக்கதையை இங்குள்ள பிள்ளை தன் கதையாகவே படிக்கும்.

இறுதியாக, நம் கல்லூரி செய்யத்தக்கது. தமிழ்த்துறை மாணவர் உரையாடல் எழுதுக. வரலாற்றுத்துறையார் பிழை திருத்துக. ஷூ கம்பெனிகளிற் பேட்டர்ன் வரையும் இளைஞர் பலர் நம் மாணவரின் உடன்பிறந்தார். கோட்டின் நுட்பம் அறிந்த அவர்களை ஓவியராக அழைத்திடுக. முப்பத்திரண்டு பக்கத்தில் வேலூர்ப் புரட்சி என ஒரு படக்கதை ஓராண்டில் உருவாகும். நாட்டு நலப்பணித் திட்டத்தார் முகாமிற்குச் செல்லும் சிற்றூர்தோறும் ஒரு பெட்டி நிறையப் படக்கதைகளைக் கொண்டுசென்று, மாலைதோறும் பிள்ளைகளோடு இருந்து படிக்கலாம்.

முன்னாள் மாணவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. ஆண்டுதோறும் தமக்கொரு சந்தா செலுத்துவோர் இரண்டாம் சந்தா ஒன்றினையும் செலுத்துக. அதனைத் தாம் பயின்ற தொடக்கப்பள்ளியின் முகவரிக்கு அனுப்பச் செய்க. பேழையில் இரட்டைப் படியாக உறங்குவனவற்றில் ஒன்றினை எடுத்து ஊர்ப்புற நூலகத்திற்கு அளித்திடுக. அது கிழியும்; எண்ணெய்க்கறை படியும்; முதற்பக்கம் தொலையும். அதற்காக வருந்தற்க. தாம் நாற்பதாண்டிற்கு முன் படித்த படியும் அவ்வாறே பலர் கைப்பட்டுத் தம்மிடம் வந்தது.

தமிழ் படிப்போர் குறைகின்றனர் என்னும் புலம்பல் ஆண்டுதோறும் மேடைகளில் ஒலிக்கின்றது. பதினெட்டு வயதில் தமிழிலக்கிய வகுப்பிற் சேரவேண்டிய மாணவன், எட்டு வயதிலேயே எங்கோ ஒரு திண்ணையில் அமர்ந்து தன் முதற் புத்தகத்தைத் தேடுகின்றான். அப்போது அவன் கைக்கெட்டிய தொலைவில் எந்த மொழிப் புத்தகம் கிடக்கின்றதோ, அம்மொழிக்கே அவன் உரியவனாவான். அத்திண்ணையிற் தமிழ்ப் புத்தகம் ஒன்றினை வைத்தல், படித்துவிட்ட நம் அனைவர்க்கும் உரிய கடன்.